பஞ்சு சாப்பிட்டாச்சா?

விடியற்காலை 4 மணிக்கு நான் வானொலி நிலையத்துக்குக் கிளம்பும்போது எங்கள் மூவறை வீட்டில் விழித்திருப்பது பஞ்சு மட்டும்தான். காது தொங்கும் ஹாலண்ட் லாப் முயல். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாவமாக இருக்கும். ஒரு பிடி பெல்லட்டும் ஒரு துண்டு வாழைப்பழமும் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.

6 மணிக்கு எழும் அம்மாவிடமும் அது அதே வேடம் போட்டிருக்கிறது. அம்மாவும் ஒரு பிடி வைத்திருக்கிறார். மதியம் கேரட். மாலையில் தேநீரோடு பாதி பிஸ்கட். அப்பா போன பிறகு பகலெல்லாம் அம்மாவுக்குப் பேச்சுத்துணை பஞ்சுதான்.

சென்ற ஆண்டு ஒருநாள் அதன் பின்பக்க ரோமத்தில் அழுக்கு அப்பியிருந்தது. விலங்கு மருத்துவரிடம் தூக்கிப் போனோம். தராசு 2.6 கிலோ காட்டியது. இந்த இனம் 2 கிலோவைத் தொடுவதே அதிகம். முயல் தான் இடும் மென்மையான ஒருவகைப் புழுக்கையைக் குனிந்து தானே உண்ணும். அதில் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. கொழுத்த பஞ்சுவால் குனிய முடியவில்லை. "விலாவைத் தடவிப் பாருங்கள்" என்றார் மருத்துவர். எலும்பே விரலுக்குத் தட்டுப்படவில்லை.

"பெல்லட் எத்தனை வேளை?" என்றார். "ஒரு வேளைதான்" என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலை முழுவதும் நேயர்களோடு பேசும் நான், வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

அன்றே தீனியை நிறுத்தத் துடித்தேன். மருத்துவர் தடுத்தார். முயல் பட்டினி கிடக்கக் கூடாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ந்த திமோத்தி புல் எந்நேரமும் தாராளமாக இருக்கட்டும். அதை மெல்வதால்தான் வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லும் தேயும். பெல்லட்டை மட்டும் படிப்படியாகக் குறைத்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். பழமும் கேரட்டும் எப்போதாவது, விரல்நுனி அளவு. பிஸ்கட் கூடவே கூடாது.

வீடு திரும்பும் வழியில் அம்மா பேசவில்லை. இரவுதான் கேட்டார்: "அப்போ அதுக்கு நான் என்னம்மா குடுக்கிறது?" அந்தக் கேள்வி தீனியைப் பற்றியது மட்டுமல்ல.

இப்போது தராசு அம்மாவின் பொறுப்பு. என் கைக்குத் தடை. தினமும் கொத்தமல்லித் தழையைக் கூடத்தின் மூலைகளில் ஒளித்து வைக்கிறார். பஞ்சு தேடி ஓடுகிறது. பின்னாலேயே அம்மாவும் நடக்கிறார். ஐந்து மாதத்தில் 2.1 கிலோவுக்கு வந்துவிட்டது.

நேற்று நிகழ்ச்சி முடிந்து வந்தபோது குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "பஞ்சு சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு."