மார்ஜரி பேசிய பேரம்

அன்புள்ள ஜெசி,

இடைக்காலத் திருச்சபை பெண்ணையும் தாம்பத்தியத்தையும் பாவம் என்று ஒதுக்கியதுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒதுக்கியது ஓரளவு உண்மைதான். கன்னிமைக்கு முதலிடம், கைம்மைக்கு அடுத்தது, கல்யாணத்துக்குக் கடைசி இடம். தவக்காலத்தில் சேரக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை கூடாது, பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கூடாது என்று பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார்களுக்குக் கையேடே இருந்தது.

ஆனால் அதே திருச்சபைதான் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை வைத்து ‘தாம்பத்தியக் கடன்’ என்று ஒரு சட்டமும் வைத்திருந்தது. புருஷன் உடம்பின்மேல் பெண்டாட்டிக்கும், அவள் உடம்பின்மேல் அவனுக்கும் ஒரே உரிமை. வீட்டிலும் சொத்திலும் அவன் தலைவன், படுக்கையில் மட்டும் இருவரும் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் கேட்டால் மற்றவர் மறுக்க முடியாது; ஒருவர் சம்மதிக்காமல் மற்றவர் கற்பு வார்த்தைப்பாடு கொடுக்கவும் முடியாது. மார்ஜரி கெம்ப் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

இங்கிலாந்தின் லின் என்ற துறைமுக ஊர்க்காரி, 1373 வாக்கில் பிறந்தவள். அப்பா பலமுறை மேயராக இருந்தவர். இருபது வயதை ஒட்டிக் கல்யாணம், 14 பிள்ளைகள். பீர் காய்ச்சி விற்றாள், நொடித்துப்போனது. குதிரை பூட்டிய மாவு ஆலை வைத்தாள், அதுவும் நிலைக்கவில்லை. பிறகு இயேசு தன்னோடு பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டு கோயிலில் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். புருஷன் ஜானோடு படுப்பது கசந்துபோனது. என்றாலும் ஜான் கேட்டால் அழுதுகொண்டே உடன்பட்டாள்.

1413 ஜூன் 23, வெள்ளிக்கிழமை. யார்க்கிலிருந்து இருவரும் நடந்து வருகிறார்கள், நல்ல வெயில். அவள் கையில் பீர் புட்டி, அவன் சட்டைக்குள் ஒரு கேக். ஜான் திடீரென்று கேட்கிறான்: ஒருவன் வாளோடு வந்து, நீ என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என் தலையை வெட்டிவிடுவதாகச் சொல்லி நின்றால் என்ன செய்வாய்? உன் தலை போனாலும் சரி என்கிற மாதிரிதான் அவள் பதில். மனுஷன் நொந்துபோய்விட்டான், பாவம்.

அப்புறம்தான் பேரம். அவளுடைய கற்பு வார்த்தைப்பாட்டுக்குச் சம்மதிக்க ஜான் மூன்று நிபந்தனை வைத்தான். ஒரே கட்டிலில் படுக்கவேண்டும். ஜெருசலேம் யாத்திரை போகுமுன் என் கடனையெல்லாம் நீ அடைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை முன்போல் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கடைசியில்தான் முட்டிக்கொண்டது, அவள் வெள்ளிதோறும் ஒருசந்தி. வயலில் நின்ற சிலுவையடியில் முழங்காலிட்டாள். ஒருசந்தியை விட்டுவிடு, நான் உன்னை அதைப் பிடிக்கச் சொன்னதே இதற்காகத்தான் என்றாராம் இயேசு! இப்படி ஒரு கெட்டிக்காரப் பக்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. எழுந்து வந்து, கடனை அடைக்கிறேன், வெள்ளிக்கிழமை சாப்பிடுகிறேன், ஆனால் நீ என் கட்டிலுக்கு வரக்கூடாது என்று முடித்தாள். ஜானும் ஒத்துக்கொண்டான். மூன்று பரலோக மந்திரம் சொல்லிவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

தன் உடம்பைக் காசு கொடுத்து மீட்டுக்கொண்டாள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஊரும் திருச்சபையும் அதோடு விடவில்லை. பிறகு அவள் கன்னியர்போல் வெள்ளை உடுத்தினாள்; நீ கன்னியா என்று யார்க் பேராயரே கேட்டார். இல்லை, ஒருவனுக்கு மனைவி என்றாள். அவளைப் பதிதை என்று சந்தேகப்பட்டு விலங்கு கொண்டுவரச் சொன்னார்.

அறுபதைத் தாண்டிய ஜான் மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்தான். தனியாக இருந்தவள் வந்து எடுத்துப்போய் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டாள். அவன் குழந்தைபோல் ஆகி, இருந்த இடத்திலேயே எல்லாம். துவைத்துத் துவைத்து ஓய்ந்தவள் என்ன நினைத்தாள் தெரியுமா? இளமையில் இந்த உடம்பின்மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தோம், அதே உடம்பால் இப்போது தண்டனை என்று. எழுதத் தெரியாதவள், அதையும் ஒளிக்காமல் சொல்லி எழுத வைத்தாள். பெண்ணுக்கு இச்சையே இல்லை என்று அந்தக் காலத்தில் பொதுவாக யாரும் சொல்லவில்லை, ஆணைவிட அவளுக்குத்தான் அதிகம் என்றார்கள்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக்காட்டு. ஜான் பக்கம்தான் பேசுவார் என்று நினைக்கிறேன், எதற்கும் எழுது.

உன் அக்கா