மின்சாரம் திரும்பும் வழி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்னும் மலைக் கிராமங்களைக் கடந்து போளூரை அடைகிற பிரயாணிக்கு, அவ்வூரின் ஜீவனம் முழுவதும் மோட்டார் வாகனங்களை நம்பியே நடக்கிறது என்பது வெகு சீக்கிரத்தில் விளங்கிவிடும். படிப்படியாக அமைந்த வயல்களில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் சந்தைக்குப் போவதும், பிரசவ வேதனைப்படும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதும், ஒரு ஜீப் காலையில் ஒழுங்காகக் கிளம்புவதைப் பொறுத்த காரியங்கள். ஆகையால் சமவெளியில் எத்தனையோ தொழிலாளிகளுள் ஒருவராக இருக்கும் வயரிங் வேலைக்காரர், இங்கே ஊருக்கு இன்றியமையாதவர் ஆகிவிடுகிறார். அத்தகைய ஒருவரின் தொழிலை அருகிலிருந்து பார்க்கும் பொருட்டே நான் போளூருக்குச் சென்றேன்.

சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றுதான் அவருடைய பட்டறை. 1947-இல் மகீந்திரா கம்பெனி இந்தியாவில் அறிமுகப்படுத்திய வில்லிஸ் ஜீப்பின் வம்சத்தில் வந்த வண்டிகளே வழக்கமாக அங்கே வருபவை. நான் போயிருந்த அன்று அவற்றின் நடுவே மேற்கூரை மடங்கும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 1961 முதல் உற்பத்தியான கார் அது. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரத்துப் பழைய விமானத் திடலில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியதுண்டு. அந்த அபிமானத்தினாலேயே இதை வாங்கிப் பேணி வருகிற இளைஞர், மலைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் ஆசையோடு வந்த இடத்தில் வண்டி மக்கர் செய்திருந்தது.

செல்ஃப் எடுக்கும்போது மோட்டார் முனகிவிட்டு நின்றுபோகிறது. ஹெட்லைட் மங்கி எரிகிறது. குளிருக்காகச் சோக்கை இழுத்தபடி செல்ஃப் அடித்தால் சோக் கேபிள் கையைச் சுடுகிறது. இவையே அவர் சொன்ன குறைகள். வழியில் ஒரு கடைக்காரர் சொன்னபடி புது பேட்டரி வாங்கிப் போட்டும் பயனில்லை.

கொட்டகையில் தொழில் பழகும் பையன், "அண்ணே, செல்ஃப் மோட்டாரை இறக்கிப் பார்த்திரலாமா?" என்று ஸ்பானரை எடுத்தான்.

"கழட்டுறது எப்ப வேணா கழட்டலாம் தம்பி. வோல்ட்டு எங்கே காணாமப் போகுதுன்னு முதல்ல கண்டுபிடி" என்றார் பெரியவர். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "சமீபத்துல இன்ஜினை இறக்கி ஏத்துனாங்களா சார்?" என்று கேட்டார். கிளச் வேலைக்காக இறக்கியதுண்டு என்ற பதில் வந்ததும், அவர் முகத்தில் சந்தேகம் அனுமானமாக மாறியது.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் வேலையை முடித்துக்கொண்டு பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். போகும் வழிக்குக் கம்பி உண்டு. திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடம்பே பயன்படுகிறது. இதையே தொழிலில் எர்த் என்கிறார்கள். ஹெரால்டின் இன்ஜினோ ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இன்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் ஒரு பட்டையான செப்புப் பின்னலே செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் முழுவதும் திரும்புகிற ராஜபாட்டை. அது அடைபட்டால், அத்தனை பிரவாகமும் மெல்லிய சோக் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும்; கேபிள் பழுக்கக் காய்வதற்கு அதுவே காரணம்.

இவ்வளவையும் அவர் மனத்தில் தீர்மானித்திருந்தும் உடனே பின்னலில் கை வைத்துவிடவில்லை. பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்தார். அக்காலத்து இங்கிலீஷ் கார்கள் பலவற்றைப் போல இதிலும் பிளஸ் முனையே எர்த்தாக இருந்தது. மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுகூடக் காட்டக் கூடாத இடத்தில் முள் நான்கு வோல்ட்டைத் தாண்டியது. அனுமானம் பிரத்தியட்சமாயிற்று.

பின்னலைக் கழற்றியபோது, அதன் ஒரு முனை புதிதாகப் பூசிய பெயிண்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்ததையும், மறு முனையின் இழைகளுக்கிடையே பச்சைக் களிம்பு ஏறியிருந்ததையும் கண்டேன். செம்போடு களிம்பு கலந்திருப்பதை உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமை சொன்ன சைவ சித்தாந்திகள், உள்ளிருந்தே ஒளியை மறைக்கும் குற்றத்துக்கு எவ்வளவு பொருத்தமான பொருளைத் தேர்ந்தார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 0.01 ஓம் தடைகூட அங்கே 1 வோல்ட்டை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு களிம்பு புது பேட்டரியையும் வீணாக்குவது இப்படித்தான். பையன் உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தான். பெரியவர் போல்ட்டை முடுக்கி, ஈரம் புகாதபடி மேலே கிரீஸ் தடவினார். மறுபடியும் செல்ஃப் அடித்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

ஹெட்லைட்டின் மங்கலையும் அதே முறையில் ஆராய்ந்தார். லூகாஸ் வயரிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கடமை உண்டு: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது; வெள்ளை சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது; பச்சை அதே மின்சாரத்தைப் பியூஸ் வழியாகக் கொண்டுபோவது; நீலம் ஹெட்லைட்டுக்கு; கறுப்பு எர்த்துக்கு. 1961-இல் சென்னைப் பாடியில் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். காலத்து வண்டிகளில் பழகிய கை அவருடையது; பாடம் ஒப்பிப்பதுபோல அவர் அந்நிறங்களைச் சொல்ல, பையன் விரல் வைத்துக் காட்டினான். நீலக் கம்பியில் குறை சொற்பமே. முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும் பானட்டின் அருகே, கறுப்புக் கம்பிகள் சேரும் இணைப்பில் இரண்டு வோல்ட் மறைந்துகொண்டிருந்தது. வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மூடுபனியில் வளைவுகளை இறங்குபவருக்கு அந்தப் பாதி உயிருக்குச் சமானம்.

அந்த இணைப்பையும் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. புதுச் சாமான் ஒன்றும் செலவாகவில்லை. பையன் தேய்த்த உப்புத்தாளையும் சிறிது கிரீஸையும் தவிரக் கணக்கெழுத எதுவுமே இல்லாததால், கூலி கேட்கவே அந்தப் பெரியவர் கூசினார். தேவையில்லாத பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், அந்தப் பேட்டரியே வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும் அறிவுக்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறோம். இந்த வழக்கம் நீடித்தால், கெட்டுப்போகாததையும் மாற்றி விற்பவர்களே தொழிலில் மிஞ்சுவார்கள். கழற்றுவதற்கு முன் சிந்திக்கிறவரிடம் பழகப் போளூர்ப் பையன்கள் தொடர்ந்து வரவேண்டுமானால், அந்தச் சிந்தனையைச் சாமானைவிட விலை உயர்ந்ததாக மதித்துக் கூலி கொடுக்க, வண்டி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.