கை நின்ற நேரம்

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வாரநாள்களில் மாலை 6 மணிக்கு மேல் கட்டணமில்லை. வேலை முடிந்ததும் போய்விடுகிறேன். முரில்லோ 1650 வாக்கில் வரைந்த திருக்குடும்பத்தின் முன்னால் நிற்கிறேன்.

சூசையப்பர்மேல் சாய்ந்து நிற்கிறது குழந்தை. உயர்த்திய கையில் ஒரு சிட்டு. கீழே அதையே பார்க்கும் வெள்ளை நாய்க்குட்டி. மாதா நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், இழையை அப்படியே விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் தச்சு மேசை சும்மா கிடக்கிறது. ஒளிவட்டம் இல்லை, சம்மனசுகள் இல்லை. பிள்ளை விளையாடுகிறது, பெற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் படம்.

இதே படம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலும் இருந்தது. காலண்டரிலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டு மாட்டியது. ஒரு சாண் அகலம்தான். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பழுப்பேறி, நாயின் வாலைப் பூச்சி அரித்திருந்தது. அதன் கீழேதான் செபமாலை. அப்பா முன்மொழிவார், தோணி வேலை செய்து வந்த தொண்டையில் மரத்தூள் கரகரக்கும். அந்தக் கரகரப்பு எந்தப் பதிவிலும் இல்லை. நான் பதிந்து வைக்கவில்லை.

கோயில் மணி போயிற்று. அம்மாவின் முறத்தில் அரிசி புரளும் ஓசை போயிற்று. அப்பாவின் வாச்சி மரத்தில் விழும் சத்தமும்.

கடற்கரையிலிருந்து எதையாவது பொத்திக்கொண்டு ஓடிவருவேன். ஒரு நண்டுக்குஞ்சு, ஒரு சோழி. வாச்சிச் சத்தம் நிற்கும். முறம் நிற்கும். "என்னய்யா கொண்டாந்திருக்க, காட்டு" என்பார் அப்பா. அந்த நொடியில் வீட்டில் வேறு வேலையே இருக்காது.

செவில்லேயில் பிறந்த முரில்லோ சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். அக்கா வீட்டில் வளர்ந்தவர். மாதாவின் விரலில் அந்த இழையை ஏன் அப்படி நிறுத்தினார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தூரதேசத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவரா நீங்கள்? உங்களுக்கும் வேண்டியதில்லை.

இங்கே அசல் ஓவியமே இருக்கிறது. 188 செ.மீ. அகலம், நல்ல வெளிச்சம், பூச்சி அண்டாத சுவர். முட்டுப்போட்டுச் செபிக்க மட்டும் இடமில்லை.

நேரமாகிவிட்டது என்கிறார் காவலர். வெளியே வருகிறேன். நல்ல வேலை, சொந்த வீடு, கைநிறையச் சம்பளம். எல்லாம் பொத்திப் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

காட்டு என்று சொல்ல ஆளில்லை.