பன்னிரண்டு துண்டு

தாம்பரத்திலிருந்து பீச் பக்கம் போகும் ரயில் சானடோரியத்தில் நின்றால் என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிடும். சிட்லபாக்கம் அந்தப் பக்கம்தான். நாங்கள் குடியிருந்த வீடு ரயிலிலிருந்து என்றைக்குமே தெரிந்ததில்லை. இப்போது வீடே இல்லை. வீட்டுக்காரர் இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டார், நான்கு மாடி எழும்பியாயிற்று. நாங்கள் நாற்காலி போட்ட மொட்டைமாடி இருந்த உயரத்தில் இன்று யாருடைய படுக்கையறையோ இருக்கும்.

அந்த மொட்டைமாடியில்தான் 2022 ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் மகளுக்கு விழா எடுத்தோம். பள்ளிக்கூடம் போகாமலே பன்னிரண்டாவது முடித்தவள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே பாதி உண்மை. முழு உண்மை, அவள் வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ் எழுத்துகளை அவள் ஸ்டேஷன் பலகைகளில்தான் படித்தாள். மாம்பலத்தில் என் அம்மா வீடு. வாரம் ஒருமுறை போவோம். குரோம்பேட்டையில் 'ரோ', பல்லாவரத்தில் 'ல்லா', திரிசூலத்தில் 'சூ'. 'ழ' மட்டும் நாக்குக்கு வராமல் அடம்பிடித்தது. ஒருநாள் பழவந்தாங்கலில் ரயில் சிக்னலுக்காகப் பத்து நிமிடம் நின்றபோது, பெட்டியில் இருந்த ஐந்தாறு பேர் சேர்ந்து நாக்கை மடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். கிண்டி வருவதற்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் அவள் 'ழ' சுத்தமாக இருக்கும். அதற்குக் காரணமானவர்கள் யார், எங்கே இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வரலாறும் அதே தண்டவாளத்தில்தான் கிடைத்தது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்காலம் பற்றிய பேச்சே அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அதைச் சொன்ன நாளிலிருந்து கையில் அகப்பட்ட கல்லெல்லாம் வீட்டுக்கு வந்தது. பரங்கிமலைப் பக்கம்தான் 1802-இல் லாம்டன் என்ற நில அளவையாளர் சங்கிலி பிடித்து ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார்; நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலைக்கு அது தொடக்கம். அதைக் கேட்ட பிறகு இவளுக்கு அளக்கிற பைத்தியம் பிடித்தது. தெருவை அளந்தாள், ஆயாவின் ஜடையை அளந்தாள். தினமும் வாசலுக்கு வரும் பூக்கார அக்காவின் கையையும் விடவில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை 42 சென்டிமீட்டர். அப்பா கையில் முழம் 47. "அக்கா, எங்களுக்கு முழத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் குறையுது" என்று நோட்டை நீட்டினாள். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ உங்கப்பாவ வந்து பூ விக்கச் சொல்லு."

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஃபீஸ் கட்ட முடியலியா?" என்று ஒருத்தர். "பொண்ணுக்கு ஏதாச்சும் பிரச்சனையா?" என்று காதோடு கேட்டவர் இன்னொருத்தர். என் நாத்தனார் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. 2020-இல் கொரோனா வந்து தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபோது, காதோடு கேட்ட அதே அம்மா மாடியேறி வந்து, "நீங்க எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றார். காபி கொடுத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆட்டம் போட்டேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

பரீட்சைக்குத் துணை நின்றது என்.ஐ.ஓ.எஸ். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம். வருடத்துக்கு இரண்டு தடவை பரீட்சை உண்டு. ஒரு பாடம் தவறினால் அதை மட்டும் எழுதிக்கொள்ளலாம், ஐந்து வருடம் அவகாசம். ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்தாள். தேர்ச்சி பெற்றதும் மதிப்பெண் பட்டியலோடு மாற்றுச் சான்றிதழும் வந்தது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத பிள்ளைக்கு டி.சி.! என் மாமியார் அதை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அவருடைய தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்தவராம். "அவருக்கு யாரு டி.சி. குடுத்தாங்க? கணக்குல அவர மிஞ்ச ஆள் கெடையாது" என்று அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

விழா என்றதும் என் கணவர் கறுப்பு அங்கியும் தொப்பியும் தைக்கக் கொடுக்கலாம் என்றார். இப்போது எல்.கே.ஜி. முடித்த குழந்தைக்குக்கூட அதை மாட்டிவிட்டுப் படம் எடுக்கிறார்களே, நமக்கென்ன என்று எனக்கும் ஆசைதான். மகள் முகத்தைச் சுளித்தாள். டியூஷன் எடுத்துச் சேர்த்திருந்த பணத்தில் கோ-ஆப்டெக்ஸ் போய், பச்சைக் கரை போட்ட பன்னிரண்டு துண்டு வாங்கி வந்தாள். "எனக்கு எதுக்கு பொன்னாடை? நான்தான் போத்தணும்."

கேசரி நான் கிளறினேன். போண்டா தெருமுனைக் கடையில் சொல்லியிருந்தோம். ஆறு மணி வெயில் தணிந்து, சானடோரியம் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்துகொண்டிருந்தது. மைக் கிடையாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லித் துண்டு போர்த்தினாள். சீரியல் பல்பு மாலையில் ஒன்று போனால் ஏன் எல்லாம் அணைகிறது என்று காட்டிய எலெக்ட்ரீஷியன் அண்ணன். வட்டிக்கணக்கு சொல்லிக்கொடுத்த, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா. வாடகைக்கு விட்ட வீட்டில் அவள் கல் குவித்ததைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரர். 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்தபோது, சிட்லபாக்கம் ஏரிக்குள் ஊர்க்காரர்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அங்கே இவள் கையில் கையுறையைத் திணித்த மாமா. கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து வளர்த்துக் காத்துவரும் காட்டுக்குள், அனுமதி வாங்கி எங்களைக் கூட்டிப்போய்ப் புள்ளிமானும் பறவையும் காட்டிய அக்கா. இஸ்திரிக்காரர் வாங்கும்போது அழுதுவிட்டார். என்ன சொல்லிக்கொடுத்தார் என்றால், சுடுகிற பெட்டியைத் தொடாமலே சூடு பார்ப்பது எப்படி என்று.

கணக்குப்படி கடைசித் துண்டு எனக்கு. நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பூக்கார அக்கா, மாலைக்கு மீதிப் பணம் வாங்க மாடியேறி வந்தார். இவள் நேராக அவரிடம் போனாள். "எனக்கு அளக்கக் கத்துக்குடுத்தது இவங்க." அக்கா கூடையை இறக்காமலே, "நான் என்னாத்த சொல்லிக்குடுத்தேன், வெளையாடாத" என்று படியைப் பார்த்துத் திரும்பினார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். என் கை கொஞ்சம் தாமதமாகத் தட்டியது.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" பதிமூன்று வயதில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு மணி அடிக்கும்போது தினமும் பால்கனியில் போய் நின்றாளாம். சீருடையில் கும்பலாக வருகிற பிள்ளைகளைப் பார்க்க. "அந்தக் கூட்டத்துல ஒருத்தியா, ஒரே ஒருநாள் வரணும்னு இருந்துச்சு." பால்கனியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காக்கைக்குச் சோறு வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மாதமே திருச்சியில் கல்லூரி, விடுதி. வருகைப்பதிவு, மணி, வரிசை எல்லாம் அவளுக்குப் புதுசு. வந்த வேகத்தில் பிடித்துப்போனது. போனில் கூட இருப்பவர்களின் பேர்களாகக் கொட்டுகிறாள். ஏக்கம் எனக்குத்தான், அவளுக்கில்லை. பத்து மணிக்குச் சாம்பார் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, "அம்மா, மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் ப்ளஸ்?" என்று கேட்கும் ஒரு குரல். பதில் தெரியாமல் நான் கரண்டியோடு நிற்பேன். கீழே தாத்தாவைக் கேட்கலாம் என்று இரண்டு பேரும் படியிறங்குவோம். மறு வருடம் நாங்கள் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டோம். இங்கே ஆறாவது மாடி. லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும்தான். கேட்பதற்கு என்னிடம் கேள்வி இல்லை.

போன வெள்ளிக்கிழமை சும்மா சானடோரியத்தில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் பூக்கார அக்கா. இப்போது தெருத்தெருவாக நடக்க முடியவில்லையாம், உட்கார்ந்த இடத்தில் வியாபாரம். தலையிலிருந்து கூடையை அப்போதுதான் இறக்கியிருந்தார். சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தது அந்தத் துண்டு. பச்சைக் கரை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

"நல்ல துணிம்மா. தலைக்கு ஈரம் எறங்கவே இல்ல" என்றார். "பொண்ணு அடுத்தாப்புல எப்ப முடிக்குது? இது கிழியப்போகுது."

இரண்டு முழம் மல்லி கேட்டேன். கையை நீட்டி அளந்து, வாழைநாரைக் கிள்ளி, இலையில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துப் பூவை மேசைமேல் நீட்டி வைத்துப் பார்த்தேன். 84 சென்டிமீட்டர்.