ஹைகோர்ட் அட்டையின் பிறந்த ஊர்

பழைய பட அஞ்சலட்டை சேர்ப்பவர்கள் கையில் எடுத்ததும் முதலில் அட்டையைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். வயதும் ஊரும் பின்பக்கத்தில்தான் தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்று ஒரு நாணயக் கண்காட்சியில் எனக்குக் கிடைத்தது. திருப்பினேன். தபால்தலை இல்லை. யாரோ அதைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். முத்திரையும் அதோடு போய்விட்டது. இப்படிச் சிதைந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஹிக்கின்பாதம்ஸ் பெயர் இருந்தது. 1844-ல் தொடங்கி இன்றும் மவுண்ட் ரோட்டில் இருக்கும் அதே புத்தகக் கடைதான். வெளியிட்டவர் யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அச்சடித்தது எங்கே, எப்போது?

பின்பக்கத்தின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு ஓடியது. சேகரிப்பவர்களுக்கு இந்தக் கோடு பெரிய துப்பு. ஆரம்ப காலத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். சேதி சொல்ல வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். இடப்பாதி சேதிக்கு, வலப்பாதி முகவரிக்கு என்று பிரித்துக்கொள்ள 1902-ல் பிரிட்டிஷ் தபால் துறை முதலில் அனுமதித்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அமெரிக்கா 1907-ல்தான் ஒப்புக்கொண்டது. ஆக, என் அட்டை 1902-க்கு முந்தியதல்ல.

படத்தை லென்ஸில் பார்த்தேன். கட்டடம் திறந்தது 1892-ல். உயரமான கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கு ஏறியது 1894-ல். என் அட்டையில் அந்த விளக்குக் கூண்டு தெளிவாகத் தெரிந்தது. நிறம்தான் உறுத்தியது. நம் கண்ணுக்குச் செக்கச்செவேலென்று நிற்கும் கட்டடத்துக்கு வெளிர்மஞ்சள் பூசியிருந்தார்கள். ஊரைப் பார்த்தவர் கை அப்படிப் பூசாது. புகைப்படம் கறுப்பு வெள்ளையில் கப்பலேறியிருக்க வேண்டும். நிறத்தை அங்கே யாரோ ஊகித்து ஏற்றியிருக்க வேண்டும்.

எங்கே என்பதை, நான் நொந்துகொண்ட அந்தக் கிழிசலே சொன்னது. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் மேல்தாள் உரிந்துபோன இடத்தின் விளிம்பில், சாய்வாகப் பிடித்தால் மட்டும் தெரியும் சில ஆங்கில எழுத்துகள்: ஜெர்மனியில் அச்சானது. சாக்ஸனி, பவேரியா அச்சகங்கள் உலகத்துக்கே அட்டை அடித்துக் கொடுத்த காலம் அது. வண்ணக் கல்லச்சில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மெட்ராஸ் கடைக்காரர் மெட்ராஸ் படத்தை அங்கே அனுப்பி அச்சடித்து வாங்கியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த வரத்து 1914-ல் போரோடு நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் மதிலில் விழுந்தது. அங்கே அதற்கான கல்வெட்டு இன்றும் உண்டு. தன் நாட்டு அச்சகத்தில் வண்ணம் ஏறிய கட்டடம் அது என்று அந்தக் கப்பலில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

1902-க்கும் 1914-க்கும் இடைப்பட்டது என்று குறித்துவைத்திருக்கிறேன். இந்த இடைவெளி இன்னும் குறுகும். அதே படம், அதே அச்சு, மன்னர் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட தபால்தலையும் தேதி தெரியும் முத்திரையும் சிதையாத ஒரு பிரதி கிடைத்தால் போதும். கண்காட்சிக்கு வரும் வியாபாரிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.