மங்கிய சிவப்பு

வடஇத்தாலியில் பெர்கமோ நகருக்கு வடகிழக்கே, சேரியோ ஆற்றை ஒட்டி ஏறிச்செல்லும் பள்ளத்தாக்கு நெடுங்காலமாக நெசவுக்குப் பெயர்பெற்றது. திருத்தந்தை 23ஆம் யோவான் பிறந்த சோத்தோ இல் மோந்தே சிற்றூரும் இதே பெர்கமோ மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆதலின் இப்பெயர் நம் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதாக இராது. ஆனால் இம்மக்களின் இன்னொரு பற்றைப் பற்றி, தமிழகக் குருக்கள் பலரைப் போல நாமும் இங்குப் பணிக்கு வந்த பிறகே அறிந்தோம். மலைத்தடங்களிலும் ஆற்றுக் கற்களின் மேலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களின்மேல் இவர்களுக்கு உள்ள காதலே அது. 1968இலும் 1986இலும் இவ்வண்டிகளுக்கான பன்னாட்டு ஆறு நாள் போட்டி இம்மாவட்டத்துச் சான் பெல்லெக்ரினோவில் நடைபெற்றது. இங்குள்ள முதியோர் அதை இன்றும் நேற்று நடந்ததுபோல் பேசுகின்றனர்.

1968இல் லொம்பார்தியாவின் பர்சாகோ என்னும் ஊரில் தொடங்கப்பெற்ற ஃபாந்திக் மோட்டார் நிறுவனம், ‘கபல்லேரோ’ என்ற பெயரில் 50 சிசி வண்டி ஒன்றைச் செய்து விற்றது. குதிரைவீரன் என்று பொருள். பதினான்கு வயது நிரம்பியவர் 50 சிசி வண்டி ஓட்டலாம் என்பது அந்நாளைய இத்தாலியச் சட்டம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வரம்பு. அந்த வரம்பைச் சிறுவர்கள் எவ்வாறு காத்தார்கள் என்பதை நாம் இங்கு எழுதாமல் விடுவதே நலம்.

எமது பங்கு இல்லத்தின் பின்சுவரை அடுத்து ஒரு கொட்டகை இருக்கிறது. கடந்த குளிர்காலம் முழுவதும், கடைசல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் அங்கே தம் தந்தையின் கபல்லேரோவைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர உழைத்தார். தந்தை அவ்வண்டியைப் பெற்றது 1976இல், தமது பதினான்காம் வயதில். அவர் இறந்தது 2020 மார்ச்சில். அந்த மார்ச் மாதம் இப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. 18ஆம் நாள் இரவில் இராணுவ வண்டிகள் பெர்கமோவிலிருந்து சவப்பெட்டிகளை வெளியூர்களுக்குச் சுமந்து சென்றதை உலகமே கண்டது. வீட்டாரிடம் விடைபெறாமலே போனவர்களுள் இவரும் ஒருவர். தாய்க்கும் மகனுக்கும் அந்த வண்டியைக் குறித்து எழுந்த வழக்கைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும்.

மகனுக்கு, வண்டி 1976ஆம் ஆண்டின் விளம்பரப் படத்தில் உள்ளபடி இருக்கவேண்டும். தாய்க்கு, நிற்கிறபடியே நிற்கவேண்டும். பின்புற மட்கார்டு ஒருமுறை பாறையில் மோதிப் பிளந்தபோது, தந்தை பிளவின் இருபுறமும் துளையிட்டு, கிழிந்த துணியைத் தைப்பதுபோல் கம்பியால் தைத்திருந்தார். பெட்ரோல் டாங்கியின் பக்கத்தில் ஊர்ப் பந்தயம் ஒன்றுக்கு அவர் ஒட்டிய எண் அப்படியே இருந்தது. “அவர் கை பட்டதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டால், அது யாருடைய வண்டி?” என்றார் தாய். “இந்தக் கோலத்தில் பார்த்தால் அப்பாவே பொறுக்கமாட்டார், அம்மா” என்றார் மகன். பிறகு இருவரும் எம் பக்கம் திரும்பி, “தொன், நீங்களே சொல்லுங்கள்” என்றனர். தொன் என்பது இந்நாட்டில் குருக்களை விளிக்கும் மரியாதைச் சொல். தீர்ப்பு வழங்காமல், அங்கிருந்த மர முக்காலியில் அமர்ந்து வேலையைக் கவனிக்கலானோம்.

கவனிக்கத் தகுந்த வேலைதான் அது. இவ்வகை வண்டிகளின் மட்கார்டுகளுக்குப் பெயிண்ட் பூசுவதில்லை. நெகிழியோடு நிறத்தைக் கலந்தே அச்சில் வார்க்கிறார்கள். ஆகவே எவ்வளவு ஆழம் கீறினாலும் உள்ளே அதே சிவப்பு இருக்கும். வெயில் கெடுப்பது மேல்தோலை மட்டுமே. பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்ற அந்த மட்கார்டு, வெளுத்த ரோஜா நிறத்தில் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தது. இளைஞர் அதைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவி, 400ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். வழிந்த நீர் இளஞ்சிவப்பாக ஓடியது. பின்பு 600, 800, 1200, இறுதியில் 2000. ஒரு தாளின் கீறலை அடுத்த தாள் முற்றிலும் அழித்த பின்னரே அதற்கடுத்ததை எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் மெருகேற்றும்போது பழைய கீறல்கள் காட்டிக்கொடுத்துவிடும். வளைந்து நிமிர்ந்த இடங்களில் வெண்மையான தழும்புகள் இருந்தன. வெந்நீருக்கும் உப்புத்தாளுக்கும் மசியாத அவற்றைச் சூடான காற்றை ஊதும் கருவியால் ஆற்றினார். கருவி அசைந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் சற்றே தங்கினாலும் நெகிழி தொய்ந்துவிடும். வெண்மை மறைந்து நிறம் மீள்வதைக் காண்பது, சொல்லப்போனால், சற்றே வியப்பூட்டுவதாகவே இருந்தது.

டாங்கியின் நிலை வேறு. இரும்புத் தகட்டின்மேல் பூசிய நிறம் அது. தேய்த்தால் உள்ளே சிவப்பு கிடைக்காது, இரும்புதான் கிடைக்கும். புதிதாகப் பூசத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சிவப்பை? நாற்பது ஆண்டு வெயில் கண்ட நிறத்தைப் பார்த்துக் கலந்தால் மங்கலே கிடைக்கும். வெயில் படாத இடத்தில்தான் முதல் நிறம் ஒளிந்திருக்கும். அப்படி ஓர் இடம் தந்தை ஒட்டிய எண்ணின் அடியில் இருந்தது. அதை உரித்தால் உண்மையான சிவப்பு தெரியும். அவர் ஒட்டியதோ போய்விடும். இளைஞரின் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் ஒரு நிமிடம் நின்றது. தாய் வாயிற்படியில் நின்றார், பேசவில்லை. பிறகு அவர் நகத்தை எடுத்துக்கொண்டு, இருக்கையின் நுனியால் மறைக்கப்பட்டிருந்த டாங்கியின் பின்விளிம்பைத் துடைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு அங்கே அதே பழைய சிவப்பு.

இத்தாலியர் இவ்விஷயத்தில் நெடிது சிந்தித்தவர்கள். உரோமையில் 1939இல் நிறுவப்பெற்ற மறுசீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் சேசரே பிராந்தி, 1963இல் வெளியிட்ட நூலில் இதற்கெனக் கொள்கையே வகுத்தார். காலம் ஒரு படைப்பின்மேல் விட்டுச்சென்ற சுவடுகளை அழிப்பது வரலாற்றைப் பொய்யாக்குவது என்பது அவர் கருத்து. ஓவியத்தில் உதிர்ந்த பகுதியை நிரப்பும்போது அங்கே மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நிறமிடுவார்கள். தூரத்தில் நின்றால் படம் முழுமையாகத் தோன்றும். அருகே சென்றால் எது பழையது, எது பின்னர் சேர்த்தது என்பது ஒளிவுமறைவின்றித் தெரியும். நம் ஊர்களில் திருவிழா நெருங்கியதும் நூறாண்டு மரப்பீடத்தின்மேல் எனாமல் பெயிண்ட்டை அடித்து அழகு பார்ப்பவர்கள் இக்கோடுகளை ஒருமுறை காணவேண்டும் என்று நாம் விரும்புவதுண்டு. வண்டிப் பிரியர்களிலும் அத்தகையோர் உளர். ஆலை மங்கலான துத்தநாகப் பூச்சோடு அனுப்பிய போல்ட்டுக்கும் சக்கரக் கம்பிக்கும் கண்ணாடிபோல் குரோமியம் ஏற்றிவிடுவார்கள். ஒருநாளும் இல்லாத அழகை வண்டிக்குக் கொடுத்துவிட்டு அதைப் பழமை என்பார்கள்.

இளைஞர் பிராந்தியைப் படித்தவரல்லர். எனினும் டாங்கியில் எண் ஒட்டிய சதுரத்தைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி மறைத்து, மற்ற இடங்களுக்கு மட்டும் நிறம் பூசினார். பெட்ரோல் சிந்தினாலும் கரையாத தெளிவான மேற்பூச்சை எண்ணின்மேலும் சேர்த்து அடித்தார். கிட்டப் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு தெரிகிறது. மட்கார்டின் தையலில் கம்பி துருவேறி இற்றுப்போயிருந்ததால் அதை நீக்கிவிட்டு, அதே துளைகளில் துருப்பிடிக்காத கம்பியைக் கோத்தார். முனையை முறுக்கும்போது தாய் அருகே வந்து தடுத்தார். “அப்படி அல்ல. அவர் இடக்கைக்காரர், மறுபக்கமாக முறுக்குவார்.” மகன் பிரித்து மறுபக்கமாக முறுக்கினார்.

இருக்கையின் உறைதான் இன்னும் தீரவில்லை. பழைய துணி தொட்டாலே பொடியாகிறது. புதிதாகத் தைத்துத் தருபவர் ஒருவர் பள்ளத்தாக்கின் கீழே இருக்கிறாராம். ஆனால் அவரிடம் உள்ள தையல் வடிவம் 1978ஆம் ஆண்டு வண்டியினுடையது. வரும் சனிக்கிழமை தாயும் மகனும் சேர்ந்தே சென்று பேசிவரப் போகிறார்கள்.