காத்துப் பெட்டி

உங்களுக்கு ஒரு சின்ன சோதனை. எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு எதையாவது மனசுக்குள் ஓடவிடுங்கள். பாடகர் குரல் வரும். வயலின்கள் வரும். கொஞ்சம் முயற்சி செய்தால் இடையில் வரும் புல்லாங்குழல்கூட வரும். இப்போது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் தரையோடு தரையாக ஒன்று நடந்து போகிறதே, அதை மட்டும் தனியாகப் பிடித்துப் பாடிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

முடியவில்லையா? எனக்கும் முடியாது. அதுதான் பேஸ் கிட்டார். இருக்கிறவரை கண்டுகொள்ள மாட்டோம். எடுத்துவிட்டால் மட்டும், 'பாட்டு என்னமோ சப்புனு இருக்கே' என்போம். ராஜாவின் அந்தப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். பாடியவர்கள் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நமக்கு இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். தெருப் பிள்ளைகளுக்கு பேஸ் என்றால் என்னவென்று புரியாமல் 'பாஸ் அண்ணன்' என்று ஆக்கிவிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. 'மேடையிலதான் பாஸா இருந்ததில்ல, தெருவுலயாவது இருந்துட்டுப் போறேன்' என்பார்.

முதலில் கீபோர்டுக்காரர்கள் இடது கையாலேயே பேஸையும் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். பிறகு பென் டிரைவ் வந்தது, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சட்டைப் பைக்குள் போயிற்று. போதாக்குறைக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டை வீட்டில் வைத்திருந்த அவருடைய ஸ்பீக்கர் பெட்டி, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊறி உதிர்ந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பரணில் இருந்ததால் பிழைத்தது. கிட்டாரை அவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார்.

போன வருஷம் ஒரு நாள் வந்து, பழைய குழுவில் தபலா வாசித்தவரின் பெண்ணுக்கு ரிசப்ஷன், பழைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து வாசிக்கப்போகிறோம் என்றார்.

"ஒரு பெட்டி செய்யணும் தம்பி."

"எதுக்குண்ணே? மிக்ஸர்ல சொருகிட்டா போச்சு."

"முப்பது வருஷமா மிக்ஸர்லதான் சொருகினேன். சவுண்டு செட்டுக்காரன் தன்னோட ஸ்பீக்கர் கிழிஞ்சுடும்னு முதல்ல கொறைக்கிறது பேஸைத்தான். மேடையில என் பழைய பெட்டி இருந்தப்பகூட 'பொத் பொத்'னுதான் வரும். நான் இருக்கேன்னு தெரியும். என்ன வாசிக்கிறேன்னு தெரியாது. ஒரு தடவை நான் வாசிச்சதை நானே கேட்கணும்ப்பா."

இதற்கு மேல் என்ன சொல்ல? ஆணி அடிக்கத் தெரியாத நான், 'கணக்கெல்லாம் நான் போட்டுடறேண்ணே, பி.காம். ஆச்சே' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரிச்சி தெருவில் 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்து, பெட்டியில்லாமல் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பார்த்தோம். கொசு ரீங்காரம். பேஸ் சுத்தமாக இல்லை.

காரணம் எளிமையானது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றைத் தளர்த்துகிறது. இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டால் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆன மாதிரி, மிச்சம் பூஜ்யம். உச்ச ஸ்தாயிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் அலை குட்டையானது, நேராகப் போய்விடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஒரு அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல், 27 அடி. எங்கள் ஹாலே 14 அடிதான். அவ்வளவு நீண்ட அலைக்குத் தம்மாத்துண்டு ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னால் வருவது ஒரு வேலையா? ஆக, பெட்டியின் வேலை முன்னாலிருப்பவரையும் பின்னாலிருப்பவரையும் பார்த்துக்கொள்ளாமல் தடுப்பது.

எலெக்ட்ரிக் பேஸ் ஒன்றும் ஆதி காலத்து வாத்தியமில்லை. லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயரும் செய்ய வேண்டியதாயிற்று. 1969இல் ஆம்பெக் கம்பெனி 10 அங்குல ஸ்பீக்கர்களை எட்டு எட்டாக ஒரே பெட்டியில் அடுக்கியது. அதற்கு இசைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'ஃப்ரிட்ஜ்'. அறுபது கிலோவுக்குக் குறையாது. நமக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும் என்று முடிவு செய்தோம். தூக்கப்போவது அண்ணனின் 62 வயது முதுகும் என் உத்தியோக முதுகும்தானே.

பெட்டியை இறுக்கமாக மூடி, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்துவது ஒரு வழி. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் அந்த வகையைக் கடைக்குக் கொண்டுவந்தார். இன்னொரு வழி, பெட்டியில் ஒரு குழாய் பொருத்தி, பின்பக்கச் சத்தத்தையும் வீணாக்காமல் வேலை வாங்குவது. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதே தத்துவம். பாட்டில் எவ்வளவு பெரிது, கழுத்து எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து 'பூம்' மாறும். இதற்கான கணக்கை 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதினார். எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதுவரை பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டு, பிரித்து, மறுபடி செய்தவர்கள்தான். தீலும் ஸ்மாலும் வந்த பிறகு என்னைப் போன்றவர்களும் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்று ஆகிவிட்டது. அதுதான் வினையே.

நான் போட்ட கணக்கு: உயரம் 24 அங்குலம், அகலம் 18, ஆழம் 16. பெருக்கினால் கச்சிதமாக 4 கன அடி. நாலு அங்குல பிவிசி பைப் இரண்டரை அங்குல நீளத்துக்கு. 18 எம்.எம். ப்ளைவுட் அரை ஷீட். ஆசாரி அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார் வைக்கப்போறீங்க?" என்றார்.

"ஒண்ணும் வைக்கப்போறதில்ல. காத்துதான்."

"காத்துக்கு எதுக்கு சார் பதினெட்டு எம்.எம்.?" என்றார். நியாயமான கேள்விதான். மெல்லிசான பலகை என்றால் பெட்டியும் சேர்ந்து அதிரும் என்று விளக்கினேன். நம்பவில்லை. ஆனாலும் மூலைக்கு மூலை ரீப்பர் வைத்து, ஃபெவிகால் தடவி, ஸ்க்ரூ முறுக்கி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுத்துப் பாறாங்கல் மாதிரி செய்து கொடுத்தார். உள்ளே தலையணைப் பஞ்சு. வெளியே கறுப்பு ரெக்ஸின். எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். வீட்டில் 8,000 என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் நாள் சோதனை. அண்ணன் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஸ்விட்சைப் போட்டு, தடித்த கம்பியைச் சுண்டினார்.

மறுபடியும் கொசு.

அண்ணன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "பரவால்ல தம்பி" என்றார். அந்தப் 'பரவால்ல'தான் தாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்த செல்லைக் கழற்றி ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுப் பார்த்தேன். மேலே இருந்த கூம்பு லேசாக வெளியே வந்தது. கீழே இருந்தது உள்ளே போனது. ஒன்றில் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி இணைத்துத் தொலைத்திருக்கிறேன். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, பெட்டிக்கு வெளியேயும் கணக்கு டேலி.

ஒயரை மாற்றினோம். இப்போது பேஸ் வந்தது. ஆனால் ஒழுங்காக வரவில்லை. கம்பியைச் சும்மா சுண்டினால் ஒல்லியாக இருந்தது. அதே கம்பியில் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தால் பெட்டி ஊளையிட்டது. ஜன்னல் கண்ணாடி கூடவே பாடியது. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் பெருக்கியது பெட்டியின் வெளி அளவை! பலகையின் கனத்தைக் கழித்தால் உள்ளே இருப்பது 3 கன அடியும் கொஞ்சமும். குறுக்குக் கட்டை, ஸ்பீக்கரின் காந்தம், பைப் எல்லாம் அடைக்கிற இடத்தையும் கழித்தால் 3கூட இல்லை. கிராஸுக்கும் நெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பி.காம். பட்டதாரி! என் அக்கவுன்டன்சி வாத்தியார் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

பாட்டில் சின்னதாகிப்போனால் கழுத்தை நீட்ட வேண்டும். இரண்டரை அங்குல பைப்பை எடுத்துவிட்டு 5 அங்குலம் பொருத்தினோம். செலவு 40 ரூபாய்.

அப்புறம் அண்ணன் வாசித்தார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பெரிய சத்தமே இல்லை. பாதத்தில் ஆரம்பித்து வயிற்றுக்கு வந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, முதலும் முடிவுமாகக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் ஆயிரம் தடவை வாசித்த ஒரு டூயட்டை ஆரம்பித்தார். பல்லவி முடிந்து சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் சட்டென்று நிறுத்தினார். மறுபடி வாசித்தார். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். என் போனில் அசல் பாட்டைப் போடச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டார்.

"இங்க ஒரு சுரம் கீழ எறங்குது தம்பி. நான் எறங்காம அங்கயே நின்னிருக்கேன்."

"சின்ன விஷயம்தானேண்ணே..."

"முப்பது வருஷமா!"

இந்தப் பாட்டையெல்லாம் அவர் மோனோ டேப்ரிக்கார்டரில் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொண்டவர். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் கீழ்ச் சுரம் எங்கே கேட்டிருக்கும்? மேடையிலும் கேட்கவில்லை. தப்பு என்று சொல்ல சபையில் யாருக்கும் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கிட்டாரை உறையில் போட்டார். எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

நாலு நாள் ஆளைக் காணோம். நல்லது செய்வதாக நினைத்து ஒரு மனிதரின் முப்பது வருஷத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு ஒரே குடைச்சல். போன் செய்யக் கை வரவில்லை. பெட்டி பாட்டுக்கு ஹாலில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. என் மனைவி அதன் மேல் பூச்சாடி வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குக் காலிங்பெல். கிட்டாரோடு நின்றார்.

"பூச்சாடியை எடுத்துட்டு ஆன் பண்ணு."

ரிசப்ஷன் வரை தினமும் வந்தார். மாமிக்கு மனைவி மூலமாகச் சமாதானத் தூது போயிற்று.

ரிசப்ஷனில் யாரும் பேஸைக் கவனிக்கவில்லை. எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள், பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். ஒரு நாலு வயசுப் பையன் மட்டும் மேடை ஓரமாக வந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். அந்த டூயட் வந்தது. பல்லவி முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். கீழே இறங்கினார்.

திரும்பும்போது குட்டியானையின் பின்னால் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அசோக் நகர் தாண்டும் வரை அண்ணன் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"ரெண்டாவது சரணத்துலயும் ஒரு எடம் இடிக்குது தம்பி. காலைல வரேன்."